வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் நம் எதிர்பார்ப்பை எப்படிச் சொல்வது?

கேள்வி, 5 ஏப்ரல் 2025

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குடிவந்திருக்கிறோம். ராயக்கோட்டை ரோடு பக்கம் வீடு. கூட்டித் துடைக்கவும் பாத்திரம் கழுவவும் ஓர் அக்கா வருகிறார். நல்ல மனுஷி. ஆனால் மூலைகளைத் துடைப்பதில்லை. பாத்ரூம் வாரம் ஒருமுறை என்று பேசினோம், நடப்பதில்லை. வரும் நேரமும் தினம் ஒரு மாதிரி. சொல்லலாம் என்றால், "சொன்னா நின்னுடுவா, இந்த ஊர்ல ஆள் கிடைக்காது, பேசாம இரு" என்கிறார் மாமியார். எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?

6 ஏப்ரல்

சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் வைத்திருக்கும் குறை முகத்தில் தெரிந்துவிடும். அவர் போன பிறகு நீங்களே துணியை எடுத்து மூலையைத் துடைப்பீர்கள், மறுநாள் அவர் அதைக் கவனிப்பார். நேரில் கேட்கும் ஒரு வார்த்தையைவிட அது அவருக்கு அதிகம் வலிக்கும்.

ஆனால் நீங்கள் சொல்வதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள். ஆள் வைக்கும்போது நாம் நம்முடைய தேவைகளை மட்டும் ஒப்பிக்கிறோம்: கூட்டணும், துடைக்கணும், பாத்திரம், வாசல். அவருக்கும் தேவைகள் உண்டு. எத்தனை வீடு பார்க்கிறார், எந்த பஸ்ஸில் வருகிறார், எந்த வேலை உடம்புக்கு ஒத்துவராது, எந்த நாள் வர முடியாது. நாமும் கேட்பதில்லை, அவராகவும் சொல்வதில்லை. பாதித் தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் பழையபேட்டையில் இருக்கிறேன், பள்ளியில் வேலை. எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா பல வருடங்களாக வருகிறார். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம். அவர் வரும் நேரம் பற்றி ஒரு காலத்தில் எனக்கும் இதே குறைதான். ஏழு மணி என்று பேசியிருந்தோம், ஏழேகால் ஆகும், ஏழேமுக்கால் ஆகும், எனக்குப் பள்ளிக்குப் பதற்றம். ஒருநாள் உட்கார வைத்துக் கேட்டேன். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது அல்லவா, அவர் கணக்கெல்லாம் அந்த பஸ்ஸை வைத்துத்தான். அது தவறிவிட்டால் காசு கொடுத்து வேறு பஸ்ஸில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். தினமும் காசு கொடுத்தால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போய்விடும். சரி என்று வேலையின் வரிசையை மாற்றினோம். பாத்திரத்தை நான் ஊற வைத்துவிட்டுப் போகிறேன். நான் கிளம்பியபின் அவர் வந்தாலும் வீட்டில் மாமியார் இருக்கிறார். நான் இருக்கும்போதே முடிய வேண்டியது சமையலறை மேடை மட்டும், அதை முந்தின இரவே நான் துடைத்துவிடுகிறேன். நேரத் தகராறு அதோடு முடிந்தது.

உங்கள் மூன்று குறைகளையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். நேரத்தில் ஆரம்பியுங்கள், கேள்வியாக.

6 ஏப்ரல், இரவு

மூலை பற்றி விட்டுவிட்டேன். எதை வைத்துத் துடைக்கிறார் என்று பாருங்கள். வட்டத் தலை போட்ட குச்சி மாப் என்றால் மூலைக்குள் போகவே போகாது, யார் துடைத்தாலும். உட்கார்ந்து துணியால் துடைத்தால் மூலை வரும், முழங்கால் போகும். எங்கள் வீட்டில் பேசி முடித்தது: தினமும் நின்றபடி மாப், வெள்ளிக்கிழமை மட்டும் மூலையும் கதவோரமும் துணியால். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நாள் என்பதால் மாமியாருக்கும் நிம்மதி. தினமும் மூலை வேண்டுமென்றால் தட்டையான மாப் வாங்கிக் கொடுங்கள், செவ்வக வடிவத்தில் கிடைக்கிறது.

9 ஏப்ரல்

சம்பளம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். "எல்லா வீட்டிலும் இவ்வளவுதான் தருகிறார்கள்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தினம் ஒன்றரை மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 39 மணி நேரம். தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது 2018-ல். அப்போது மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. அதை வைத்தால் மாதம் 1,443 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய் ஆனது, எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. இரண்டுமே தரைதான், இதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்கான கோடு. நியாயமான சம்பளம் என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒன்றரை மணி நேர வேலைக்காக அவர் வீட்டிலிருந்து கிளம்பி, பஸ்ஸுக்கு நின்று, திரும்பிப் போகும் நேரம் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

நாங்கள் தருவது 3,000. மணிக்கு ஏறக்குறைய 77 ரூபாய் வருகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் உயர்த்துகிறோம், அவர் கேட்பதற்கு முன்பே. கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எனக்கு அகவிலைப்படி வருடத்துக்கு இரண்டு முறை தானாக உயர்கிறது. நான் யாரிடமும் போய் நிற்பதில்லை.

14 ஏப்ரல்

இன்று சித்திரை ஒன்று, அக்கா லீவு. உகாதிக்கும் லீவு எடுத்தார். அவர் வீட்டில் தெலுங்கு, அவருக்கு அது பெருநாள். இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் இப்படித்தான், தமிழ் வருஷப் பிறப்பும் உண்டு, உகாதியும் உண்டு. லீவு பேசும்போதே அவர் எந்தப் பண்டிகையெல்லாம் கொண்டாடுவார் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். நம் பண்டிகைக்கு முதல் நாள் வீட்டைக் கழுவிவிட அவர் வேண்டும், அவர் பண்டிகைக்கும் வேலைக்கு வர வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது.

15 ஏப்ரல்

லீவுக்குச் சம்பளம் பிடிக்கலாமா என்று மத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். கூடாது என்பது என் கருத்து. வாரம் ஒருநாள் விடுமுறை, அதோடு மாதம் இரண்டு நாள், காய்ச்சல் தலைவலிக்குத் தனி. அதற்கு மேல் போனால் அவரிடமே பேசுங்கள். நாம் பத்து நாள் ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டினால் அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. பூட்டியது நாம், அவர் வரத் தயாராகத்தான் இருந்தார். இதை எங்கள் தெருவிலேயே பலர் ஒத்துக்கொள்வதில்லை. மே மாதம் முழுக்க வெளியூர் போய்விட்டு ஜூனில் வந்து "எங்க வீட்டு வேலைக்காரம்மா வேற வீடு பிடிச்சுட்டா" என்று வருத்தப்படுவார்கள். அவருக்கு மே மாதமும் அடுப்பு எரிய வேண்டும்.

22 ஏப்ரல்

பாத்ரூம். இதை நிதானமாக எழுத வேண்டும். ஓசூரிலிருந்து வந்தவருக்கு மட்டுமல்ல, கிருஷ்ணகிரி, தர்மபுரிக்குப் புதிதாக வருகிற எல்லாருக்கும் இங்கேதான் மனஸ்தாபம் வருகிறது.

இங்கே நிலத்தடித் தண்ணீர் பொல்லாதது. புளோரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் திறந்தார்கள். குடிக்கக் காவிரித் தண்ணீர் கிடைத்தாலும் குளிக்க, கழுவ, துடைக்கப் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீர்தான். அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் ஈரம் காயும் இடத்தில் எல்லாம் வெள்ளையாகப் படியும். குழாய், டைல்ஸ், கண்ணாடி, வாளி எதுவும் தப்பாது. சோப்பு நுரைக்காது. இதைப் பார்த்து "தேய்க்கவே இல்லை" என்று வேலைக்கு வருகிறவரைக் குறை சொல்கிறார்கள். பிரஷ்ஷும் பவுடரும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் உப்புக்கறை அசையாது. தேய்த்துத் தேய்த்து அவர் தோள்பட்டைதான் போகும்.

உடனே கடைக்குப் போய் ஆசிட் வாங்கி வந்து கையில் கொடுத்துவிடுவார்கள். அக்காமார்களும் கேட்டு வாங்குவார்கள், ஏனென்றால் ஊற்றியதும் பளிச்சென்று தெரியும், வீட்டுக்காரர் முகம் மலரும். ஆசிட் உப்பைக் கரைக்கும், சந்தேகமில்லை. ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் அரிக்கும். மொசைக் தரையில் பட்டால் உள்ளே இருக்கும் பளிங்குச் சில்லு பொங்கி நுரைத்து மெருகு போய்விடும், திரும்ப வராது. எங்கள் வீட்டின் பழைய பகுதியில் மொசைக் தரை. அங்கே ஆசிட் பாட்டிலையே கொண்டுபோகக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிவிட்டோம்.

தரை போனால் போகிறது, மாற்றிக்கொள்ளலாம். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூம், ஜன்னல் கைக்கு எட்டாத உயரம், கதவு சாத்தியிருக்கும். மூச்சு முட்டும், கண் எரியும், நுரையீரலே பாதிக்கப்படும். கழிவறைக்கு ஊற்றும் நீலத் திரவங்களிலும் ஆசிட் உண்டு, அதோடும் பிளீச்சிங் சேரக் கூடாது. பக்கத்து வீட்டில் ஒருமுறை பண்டிகைக்கு முதல் நாள் அவசர அவசரமாகக் கழுவும்போது இப்படி ஆகி, வேலைக்கு வந்த பெண் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல ஊத்தாத ஆசிட்டா" என்று அந்த வீட்டில் சொன்னார்கள். எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம்: குளித்தவர் குளித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு வர வேண்டும், என் மகன் உட்பட. ஈரம் நிற்காவிட்டால் உப்பு படியாது. குழாய்களுக்குப் பிழிந்த எலுமிச்சை மூடி அல்லது வினிகர், கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும். மொசைக்கில் அதுவும் கூடாது, அதுவும் புளிப்புதான். அக்காவுக்கு வாரம் ஒருநாள் பாத்ரூம், செவ்வாய்க்கிழமை. அன்று அவர் வீட்டைத் துடைக்க வேண்டாம்.

கடைசி வரிதான் முக்கியம். "வாரம் ஒருமுறை" என்று மட்டும் பேசினால் அந்த ஒருமுறை எந்த நாளிலும் வராது. நாளைப் பேசுங்கள், அன்று எந்த வேலை குறையும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

23 ஏப்ரல்

மேலே கடைசியாக எழுதியதை இன்னும் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் எனக்குச் சொல்லத் தோன்றும் ஒன்று அதுதான்.

வேலை மெல்ல வீங்கும். பாத்திரமும் கூட்டுவதும் என்று ஆரம்பிக்கும். ஒருநாள் துணி காயப்போடச் சொல்வோம். விருந்தாளி வந்த அன்று காய் நறுக்கித் தருவார். குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார். ஒவ்வொன்றும் சின்ன உதவிதான், அன்பாகத்தான் கேட்கிறோம், அவரும் அன்பாகத்தான் செய்கிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் இரண்டேகால் ஆகியிருக்கும், சம்பளம் அப்படியே இருக்கும். நேரத்துக்குள் முடிக்க அவர் எங்காவது குறைத்தாக வேண்டும், அந்தக் குறைப்பைத்தான் நாம் மூலையில் தூசியாகப் பார்க்கிறோம். கேள்வி கேட்டவர் தன் வீட்டில் பேசிய வேலை எது, இப்போது நடக்கும் வேலை எது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

புதிதாக ஒரு வேலை சேர்ந்தால் ஒன்று பழைய வேலை ஒன்று போக வேண்டும், இல்லாவிட்டால் பணம் சேர வேண்டும். என் வீட்டில் இதற்கு விலக்கே இல்லை.

3 மே

வீட்டில் இரண்டு பேர் கட்டளை போட்டால் என்ன செய்வது என்ற கேள்வி. இது என் வீட்டுக் கதையேதான்.

நான் மாப் போதும் என்பேன், மாமியார் துணியால் துடை என்பார். நான் ஸ்க்ரப்பர் கொடுப்பேன், அவர் சபீனாவும் தேங்காய் நாரும் எடுத்து வைப்பார். நான் பள்ளிக்குப் போனதும் மாமியாரும் அக்காவும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள், நான் காலையில் பேசியது அங்கே மாறிவிடும். அக்கா யார் சொல்வதைக் கேட்பார்? இருவரையும் சமாளிக்க இரண்டையும் அரைகுறையாகச் செய்வார், வேறு வழி கிடையாது.

தீர்வு எங்களுக்குள்தான் வந்தது. சமையலறையும் பூஜை அறையும் மாமியார் சொல்வதுபடி, மற்றதெல்லாம் நான் சொல்வதுபடி. நாங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டு, பிறகு அக்காவிடம் இருவருமாகச் சொன்னோம். நான்ஸ்டிக் சட்டிகளை மட்டும் நானே கழுவிக்கொள்கிறேன், நார் பட்டால் பூச்சு உரிந்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு மாமியாரும் அக்காவும் சேர்ந்து துலக்குகிறார்கள், அன்று நிறையச் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

உங்கள் மாமியார் "சொன்னா நின்னுடுவா" என்கிறார் அல்லவா. அவரோடு முதலில் உட்காருங்கள். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஓசூர் கம்பெனிகளுக்கு வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஊர்களில் வீட்டு வேலைக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் இன்னும் நன்றாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

18 மே

மாங்காய் சீசன் ஆரம்பித்துவிட்டது, இனி ஆகஸ்ட் வரை ஊரெல்லாம் இதே புலம்பல் கேட்கும்: "வேலைக்கு வர்ற அம்மா மாங்கூழ் கம்பெனிக்குப் போயிட்டா."

தெரியாதவர்களுக்காக: கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் தொழிற்சாலைகள் நிறைய. தோத்தாபுரி என்கிற பெங்களூரா மாங்காய்தான் பெரும்பாலும் அங்கே போகிறது. சீசனுக்கு மட்டும் ஆள் எடுப்பார்கள், பெண்கள்தான் அதிகம். நாள் கூலி, ஷிப்ட். நான்கு வீடு சுற்றி மாதம் முழுக்கச் சேர்ப்பதைவிட அங்கே கைக்கு வருவது கூட. போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

எங்கள் அக்கா ஏப்ரல் கடைசியிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் பேசியது: அவர் சீசன் முடிந்து வரும்வரை இடம் அவருக்கே. அதுவரை அவர் தம்பி மனைவி ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். வந்த நாளுக்குரிய சம்பளம் அந்தப் பெண்ணின் கையில் நேராக, அக்கா மூலமாக இல்லை. இடைப்பட்ட நாளில் வீட்டைக் கூட்டுவது நானும் என் மகனும். மே மாதம் பள்ளி விடுமுறை, எனக்கு இது சுமையாகவே தெரியவில்லை.

இதை முன்கூட்டியே பேச முடிந்ததற்குக் காரணம், போன வருடம் அவர் போனபோது நாங்கள் முகம் சுளிக்காததுதான். முகம் சுளிக்கிற வீட்டில் "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

25 மே

வாட்ஸப்பில் எழுதி அனுப்பினால் பதிலே வருவதில்லை என்று ஒருவர். எங்கள் அக்காவுக்கும் படிப்பது சிரமம். குரல் பதிவாக அனுப்புங்கள். அவரும் குரலிலேயே பதில் தருவார். ஒன்று கவனியுங்கள், குறையைக் குரல் பதிவில் சொல்லாதீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பார், சுற்றியிருக்கிற எல்லாரும் கேட்பார்கள். நாளை எப்போது வருகிறீர்கள், விருந்தாளி வருகிறார்கள், இதெல்லாம் பதிவில் பேசலாம். குறை என்றால் நேரில், தனியாக, வேலை ஆரம்பிக்கும் முன்.

22 ஜூன்

இந்த வருடம் மாங்காய் விலை விழுந்தது எல்லாருக்கும் தெரியும். தோட்டக்காரர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். அக்கா போன கம்பெனியிலும் வேலை சீராக இல்லையாம், ஒருநாள் வரச் சொல்கிறார்கள், மறுநாள் வேண்டாம் என்கிறார்கள். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார்.

இங்கே ஒரு சங்கடம். தம்பி மனைவி சின்ன வயசு, பாத்திரங்களைக் கண்ணாடி மாதிரி வைத்தாள். மாமியாருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. "இவளையே வெச்சுக்கலாமே, அவளுக்கு வயசாகுது" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இடம் உங்களுடையது என்று வாய்விட்டுச் சொல்லித்தான் அவரை அனுப்பினோம். அதை மீறினால் அடுத்த சீசனில் எந்தப் பேச்சும் எடுபடாது. அதோடு ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பெண்களை நாம் மோதவிடக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு எங்கள் தெருவிலேயே வேறொரு வீட்டில் நானே சொல்லிவிட்டேன். அங்கே பேசும்போது நானும் உடன் போனேன், வேலை, நாள், சம்பளம், லீவு நான்கையும் முதல் நாளே பேசி முடித்தோம்.

மே 18 குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாற்றாள் வரும்போது அவரிடம் "அக்கா இப்படிச் செய்வார்" என்று ஒப்பிட்டுச் சொல்லக் கூடாது. அதே மாதிரி, அக்கா திரும்பி வந்ததும் "அந்தப் பொண்ணு பாத்திரம் பளபளன்னு வெச்சா" என்று சொல்லவே கூடாது. மாமியாரிடம் இதற்காகவே கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். அவரும் சொல்லவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

6 ஜூலை

அக்காவுக்குத் தனி டம்ளர் வைப்பது சுத்தத்துக்காகத்தான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டில் எல்லாத் தட்டையும் எல்லா டம்ளரையும் கழுவி அடுக்குவது அவர் கைதான். அந்தக் கை பட்ட டம்ளரில் நாம் குடிக்கிறோம். பிறகு அவர் வாய் பட்ட டம்ளர் மட்டும் எப்படி அசுத்தமாகும்? சுத்தம் என்ற பேச்சே இங்கே பொருந்தவில்லை. தனி டம்ளர் சாதிக்காக வைக்கப்படுகிறது. நம் மாவட்டங்களில் டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இருந்ததையும் அதற்கு எதிராக மனிதர்கள் போராடியதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடையில் தப்பு என்று ஒத்துக்கொள்வதை வீட்டுச் சமையலறையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அரசியல் சட்டம் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது 1950-ல்.

அதைவிடப் பேசப்படாத ஒன்று கழிவறை. காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். மூன்று நான்கு வீடுகளில் கழிவறையைக் கழுவுகிறார், ஒன்றிலும் அவர் போகக் கூடாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று இவர்களில் எத்தனை பேருக்கு வருகிறது என்று எந்த அக்காவிடமும் கேட்டுப் பாருங்கள், தலை குனிந்துகொண்டு சொல்வார்கள். மாதவிடாய் நாட்களை யோசித்துப் பாருங்கள்.

வேலை பேசும் முதல் நாளே "எங்க பாத்ரூமை நீங்களும் பயன்படுத்துங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தானாகப் புரிந்துகொள்வார் என்று விட்டால் நடக்காது. நான் சொன்ன பிறகும் எங்கள் அக்கா வெகுநாள் தயங்கினார். மாமியார் ஒருதரம் தெலுங்கில் அவரிடம் சொன்ன பிறகுதான் தயக்கம் போனது. வீட்டுக்குப் பெரியவர் சொல்வதற்கு என்று ஒரு பலம் இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறுங்கள்.

7 ஜூலை

பழைய சாப்பாடு கொடுப்பது பற்றிக் கேட்டவருக்கு: நீங்கள் அடுத்த வேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்றால் கொடுங்கள், சாப்பிட மாட்டீர்கள் என்றால் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் வேண்டுமா என்று கேளுங்கள். அதைச் சம்பளக் கணக்கில் கொண்டுவராதீர்கள்.

4 ஆகஸ்ட்

நேற்று ஆடிப்பெருக்கு. அக்கா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார், அணைப் பக்கம் ஒரே கூட்டமாம். அதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் ஒட்டடை, மின்விசிறி, ஜன்னல் கம்பி என்று பெரிய சுத்தம். இந்தப் பெரிய வேலை மாதச் சம்பளத்தில் சேராது என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. பொங்கல், ஆடி, ஆயுத பூஜை என மூன்று முறை எங்கள் வீட்டில் இது நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி நாள் குறித்து, தனி நாள் கூலி தருகிறோம். மேலே ஏறும் வேலை என் கணவருடையது. ஸ்டூல்மேல் ஏறி மின்விசிறி துடைக்க அக்காவை விடக் கூடாது, விழுந்தால் அவருக்கு யார் சம்பளம் தருவது?

முன்பணம் பற்றி: தீபாவளிக்கும் பள்ளி திறக்கும்போதும் கேட்பார்கள், கொடுங்கள். மாதம் 500 போலப் பிடித்துக்கொள்வது என்று முன்பே பேசி, இருவரும் பார்க்கும்படி காலண்டர் பின்பக்கத்தில் எழுதுங்கள். தீபாவளி போனஸை முன்பணத்தில் கழிக்காதீர்கள். அந்தப் பணத்தை நம்பி அவர் வீட்டில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கக் காத்திருப்பார்கள்.

17 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். மாமியாரோடு பேசிவிட்டு அக்காவிடம் கேட்டாராம். அவருக்கு முழங்காலில் வலி, அதனால்தான் மூலை விட்டுப்போனது. பாத்ரூமுக்கு அவரே வியாழக்கிழமை என்றாராம், மற்ற நாட்களில் அடுத்த வீட்டுக்கு எட்டரைக்குள் போக வேண்டியிருப்பதால். நடுவில் சேர்ந்திருந்த துணி மடிக்கும் வேலையை இவர்கள் எடுத்துக்கொண்டார்களாம். சம்பளத்தில் 400 கூட்டியிருக்கிறார்கள். படித்ததும் மனம் நிறைந்தது.

அவர் கடைசியில் கேட்டிருக்கும் இரண்டுக்கும் பதில்.

நல வாரியம்: தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண் கண்ணாடி ஆகியவற்றுக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், போட்டோ வேண்டும். இ-சேவை மையத்தில் இணையம் வழியாகப் பதிந்து தருவார்கள். சந்தேகம் என்றால் மாவட்டத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்கலாம். வேலை செய்வதற்குச் சான்று கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பயப்பட அதில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலை அவருக்கு லீவு கொடுத்து நீங்களும் கூடப் போனால் அலைச்சல் பாதியாகும். எங்கள் அக்காவுக்கு அப்படித்தான் பதிந்தோம்.

கையுறை: ரப்பர் கையுறையைக் கடையில் அவர் கையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெரிய அளவாக இருந்தால் சோப்பில் வழுக்கிப் பாத்திரம் விழும், அவர் கழற்றி வைத்துவிடுவார். பாத்ரூமுக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று என இரண்டு நிறத்தில் வாங்குங்கள்.